வெற்றுத்தாளில் வந்த புகை

எங்கள் அத்தானுக்கு அக்கம்பக்கம் வைத்த பெயர் பூட்டு. வீட்டைப் பூட்டிவிட்டுப் பத்தடி நடப்பார், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். மறுபடியும் தெருமுனை வரை போவார், மறுபடியும் வருவார். அதற்குள் பேருந்து போய்விடும். நிறுத்தத்தில் அக்கா கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். கல்யாணமான புதிதில் இதற்காக அழுதாள், பிறகு திட்டினாள், பிறகு தண்ணீர் தெளித்து விட்டுவிட்டாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பூட்டு மாமா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்தப் பெயர் அவர் வேலை செய்த கப்பல் வரைக்கும் போய் ஒட்டிக்கொண்டது.

கப்பல் என்றதும் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது. மின்தூக்கி நடுவில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று ஆறு மாடி படியேறுகிறவர் அவர். பாதிப் படத்தில் அக்காவின் காதருகே குனிந்து, "அடுப்ப அணைச்சியா?" என்று கேட்கிறவர். இடி இடித்தால் வீட்டிலுள்ள எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு, ஜன்னலுக்கு எட்டாத இடமாகப் பார்த்து நாற்காலி போட்டு உட்காருவார்.

"அத்தான், இடிக்கு உங்களத் தேடி வர்றத விட்டா வேற வேலை இல்லையா?" என்று நான் கேட்பேன்.

"இருக்கும்மா. வழி தவறி வந்துட்டா?" என்பார். அப்படிச் சொல்லும்போது அவர் முகத்தில் விளையாட்டே இருக்காது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்லிச் சொல்லியே அவரை ஓட்டினேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே வாய் நீளம். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என் வாயைப் பற்றியும் எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

நான் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளர். நடுக்கடல் காற்றில் மிதக்கும் தூசியைப் பிடித்து, அது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது எங்கள் கூடத்தின் வேலை. கரையே தெரியாத கடலில்கூடக் காற்று வெறுங்கையோடு வருவதில்லை. எங்கோ ஒரு காட்டு இலையின் மெழுகைக் கொஞ்சம் சுரண்டிக்கொண்டு வரும். ஈர மண்ணில் முளைத்த பூஞ்சையின் சர்க்கரையைக் கொண்டுவரும். மரம் எரிந்தால் மட்டும் பிறக்கிற ஒரு சர்க்கரை உண்டு. அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று இருக்கிறது, நாங்கள் கரிச்சர்க்கரை என்போம். இப்படி ஒவ்வொன்றும் ஓர் அடையாளப் பொருள். இவற்றை அளந்தால், இந்தக் காற்று எந்தக் கரையைத் தொட்டுவிட்டு வந்தது, அங்கே காடு இருந்ததா, தீ இருந்ததா என்றெல்லாம் சொல்லிவிடலாம்.

பிடிப்பதற்கு ஒரு வெள்ளைத் தாள். தாள் என்பது பேச்சுக்குத்தான். படிகக்கல்லை நாராக்கிச் செய்தது. அதை ஐந்நூறு டிகிரி உலையில் ஐந்து மணி நேரம் சுட்டு, ஒட்டியிருக்கிற அழுக்கெல்லாம் போனபிறகு, அலுமினியத் தாளில் சுற்றிக் கப்பலுக்கு அனுப்புவது என் பொறுப்பு. கப்பலின் மேல்தளத்தில் நாய்க்கூண்டு அளவுக்கு ஒரு பெட்டி இருக்கும். உள்ளே மோட்டார். அதில் தாளை மாட்டினால் இரண்டு நாள் காற்றை உறிஞ்சும். கப்பலின் சொந்தப் புகைபோக்கிப் பக்கமிருந்து காற்று திரும்பினால் மோட்டார் தானாக நின்றுவிடும். நம் வீட்டுப் புகையை ஊர்ப் புகை என்று எண்ணிவிடக் கூடாது அல்லவா, அதற்காக.

அத்தானை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது நான்தான். குடுவை கழுவ ஆள் தேடினார்கள். மூன்று முறை கழுவச் சொன்னால் அவர் ஐந்து முறை கழுவினார். அதைப் பார்த்துத்தான் மேடம், அதாவது எங்கள் கூடத்தின் தலைவி, கப்பலில் தாள் மாற்றும் வேலைக்கு அவரைப் பிடித்தார். அதற்கு முன் போய்வந்தவரின் தாள்களில் கடல் காற்றைவிட அவருடைய தலை எண்ணெய்தான் அதிகம். மனிதத் தோலின் பிசுக்குக்கும் அடையாளப் பொருள் உண்டு, விரல் பட்டால் இயந்திரம் காட்டிக்கொடுத்துவிடும். மேடம் கேட்டபோது அத்தானுக்கு முகம் வெளுத்துப்போனது. கடலுக்குப் போகப் பயம், மாட்டேன் என்று சொல்ல அதைவிடப் பயம். அப்படித்தான் அவர் கப்பலேறினார்.

ஐந்து பயணம் போய்வந்தார். இரட்டைக் கையுறை, முகக்கவசம், தலைக்குத் துணி, தாளைப் பிடிக்க இடுக்கி. அவர் கொண்டுவந்த நூற்றுக்கும் மேற்பட்ட தாள்களில் ஒன்றில்கூட விரல் பிசுக்கு இருந்ததில்லை. கப்பல் இன்ஜினியர் ஒருமுறை எங்கள் கூடத்துக்கு வந்தபோது, "எங்க கப்பல்ல தீயணைப்பான் எத்தனை, எங்கெங்க இருக்குன்னு தெரியணும்னா பூட்டத்தான் கேக்கணும். எங்களுக்கே தெரியாது" என்றார். எல்லோரும் சிரித்தோம். அத்தானும் கூடச் சேர்ந்து சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு பயணத்திலும் ஐந்து தாள்கள் வேலை செய்யாத தாள்கள். அவற்றை மேலே கொண்டுபோவதில்லை. மேல்தளத்துக்குக் கீழே, தாள் மாற்றுவதற்கென்றே ஒரு சின்ன அறை இருக்கிறது. அங்கே சட்டத்தில் மாட்டி, மூடாமல், இரண்டு நாள் சும்மா வைத்துவிட்டு, திரும்பச் சுற்றிக் குளிர்பெட்டியில் போட்டுவிட வேண்டும். இதற்கு வெற்றுத்தாள் என்று பெயர். காற்றைப் பிடிக்காத தாளில் என்ன இருக்கிறதோ அது கையால், அறையால், பெட்டியால் வந்த அழுக்கு. மற்றத் தாள்களின் கணக்கிலிருந்து அதைக் கழித்துவிடுவோம். கடைக்காரர் முதலில் காலிப் பாத்திரத்தை நிறுத்துக்கொள்கிறாரே, அது மாதிரி. ஐந்து வெற்றுத்தாளுக்கும் சராசரி போட்டு, ஒரே எண்ணாகக் கழிப்பது எங்கள் வழக்கம். இருபது வருடமாக அப்படித்தான் செய்துவந்தோம்.

ஆறாவது பயணம் முடிந்து அத்தான் கரைக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சாப்பாட்டில் அவருக்கு மனம் இல்லை.

"அந்தத் தாள் ரூம்ல புகை நெடி வருதும்மா" என்றார் என்னிடம். "மரம் கருகுற மாதிரி. இன்ஜினியர்கிட்ட சொன்னேன். வந்து மோந்து பார்த்துட்டு, ஒண்ணுமில்ல பூட்டுன்னுட்டுப் போயிட்டாரு."

"அது உங்க மூளை கருகுற நெடி அத்தான். ராத்திரி பகலா யோசிச்சா கருகாதா?" என்றேன்.

அக்கா சிரித்ததில் அவளுக்குப் புரையேறியது. அத்தான் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து அவளுக்குக் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து ஏழாவது பயணம் கிளம்பினார். நான் வழியனுப்பக்கூடப் போகவில்லை, உலையில் தாள் இருந்தது.

ஆறாவது பயணத்துத் தாள்களை இயந்திரத்தில் ஓட்ட என் முறை வந்தபோது, அவர் கிளம்பிப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. இலை மெழுகு ஒழுங்காக வந்தது. பூஞ்சைச் சர்க்கரை ஒழுங்காக வந்தது. கரிச்சர்க்கரை மட்டும் தகராறு செய்தது. கடல் காற்றுத் தாள்களில் நாலு, ஐந்து, ஆறு என்று இருந்தது; வெற்றுத்தாள்களின் சராசரியோ பதின்மூன்று. கழித்தால் மைனஸ் எட்டு, மைனஸ் ஒன்பது. ஒன்றுமில்லாததற்கும் கீழே புகை இருக்க முடியுமா?

மேடத்திடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"வெற்றுத்தாள் கெட்டுப்போயிருக்கு. நீ சரியா சுடலையோ என்னமோ. மைனஸ் வர்ற இடத்துலெல்லாம் பூஜ்ஜியம் போட்டுரு."

நீ சரியாகச் சுடவில்லை என்றதும் எனக்குச் சுருக்கென்றது. பத்து வருடமாகத் தாள் சுடுகிறேன். பழியை வேறு யார் தலையிலாவது போட வேண்டும் என்று மனசு உடனே அலைந்தது. அத்தான் ரகசியமாக சிகரெட் பிடிக்க ஆரம்பித்துவிட்டாரா? பிடித்திருந்தால் நிகோட்டின் இருக்க வேண்டும். தேடினேன், ஒரு துளி இல்லை. விரல் பட்டிருக்குமா? தோல் பிசுக்கும் இல்லை. வழக்கம்போலச் சுத்தம். அதற்குப் பதிலாக வேறொன்று எட்டிப் பார்த்தது. ஊசியிலை மரத்தின் பிசின் சூடாகும்போது வருகிற அமிலம். கடல் காற்றுத் தாள்களில் அது பேருக்கு ஒட்டியிருந்தது. வெற்றுத்தாள்களில் மட்டும் வண்டி வண்டியாக இருந்தது.

அப்போதுதான் சராசரியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, ஐந்து வெற்றுத்தாள்களையும் தனித்தனியாகத் தேதிப்படி அடுக்கினேன். இரண்டு. மூன்று. ஏழு. பதினாறு. முப்பத்தெட்டு.

நான் சரியாகச் சுடாமல் இருந்திருந்தால் எண்கள் முன்னே பின்னே தாறுமாறாக இருந்திருக்கும். கை அழுக்கு என்றாலும் அப்படித்தான். இது படிக்கட்டு மாதிரி ஏறியது. ஒவ்வொரு படியும் முந்தையதைவிடப் பெரிதாக இருந்தது. அந்த அறைக்குள்ளேயே ஏதோ ஒரு மரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கருகிக்கொண்டிருந்திருக்கிறது, நாளுக்கு நாள் வேகமாக.

கப்பல் குறிப்பேட்டின் நகல் அலமாரியில் இருந்தது. ஒவ்வொரு தாளுக்கும் ஒரு வரி, கடைசியில் 'பிற விவரம்' என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தை நாங்கள் யாரும் படிப்பதில்லை. அத்தானின் கையெழுத்து ஒன்றாம் வகுப்பு வாத்தியார் எழுதியது போல வட்ட வட்டமாக இருக்கும். முதல் வெற்றுத்தாள், ஒன்பதாம் நாள்: "அறையில் லேசான புகை நெடி." பதினெட்டாம் நாள்: "இன்றும் நெடி உண்டு. இன்ஜினியரிடம் சொன்னேன்." இருபத்தேழாம் நாள்: "நெடி இருப்பது போலத் தோன்றுகிறது." முப்பத்தாறாம் நாள்: "என் பிரமையாக இருக்கலாம்." நாற்பத்தைந்தாம் நாள், அதாவது முப்பத்தெட்டு வந்த தாளுக்கு, ஒரு சின்னக் கோடு மட்டும் போட்டிருந்தார்.

இயந்திரத்தின் எண்ணையும் அவர் எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புகை ஏற ஏற அவர் குரல் இறங்கியிருந்தது. நெருப்பில்லாமல் புகையுமா என்று ஊரார் விவகாரத்துக்கெல்லாம் நாம் எவ்வளவு சுலபமாகக் கேட்டுவிடுகிறோம். ஒரு மனிதர் புகை வருகிறது என்று தேதி போட்டு எழுதிவைத்தபோது மட்டும் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. வெற்றுத்தாளைக் கழித்த மாதிரியே அவரையும் கழித்துவிட்டோம். அவர் எது சொன்னாலும் அதில் முக்கால்வாசி பயம், மிச்சத்தை எடுத்துக்கொண்டால் போதும் என்பது எங்கள் குடும்பத்துக் கணக்கு. அந்தக் கணக்கை ஆரம்பித்துவைத்தவள் நான்.

இப்போது அதே கப்பலில், அதே அறையில், அவர் பன்னிரண்டு நாளாகத் தாள் மாற்றிக்கொண்டிருக்கிறார். மேடத்தின் அறைக்கு எப்படிப் போனேன் என்று தெரியாது.

"மேடம், கப்பலுக்குப் போன் போடுங்க."

மேடம் முதலில், அறிக்கை போயாக வேண்டும், மைனஸுக்கெல்லாம் பூஜ்ஜியம் போட்டு அனுப்பிவிடு என்று ஆரம்பித்தார். நான் ஐந்து எண்களையும் குறிப்பேட்டையும் அவர் மேசையில் வைத்தேன். படித்தார். ஐந்தாவது வரிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார். உடனே தொலைபேசியை எடுத்துவிட்டார். அதற்காக அவரை நான் என்றைக்கும் மதிப்பேன்.

செயற்கைக்கோள் வழியாகப் பேச வேண்டும். நாம் சொன்னது அங்கே போய், அவர்கள் சொல்வது இங்கே வர ஒரு மூச்சு நேரம் ஆகும். அந்த ஒரு மூச்சுக்குள் எனக்கு என்னென்னவோ தோன்றியது. கேப்டனின் குரல் தூக்கம் கலைந்தவர் குரல் போல இருந்தது.

"புகை இருந்தா எச்சரிக்கை மணி அடிச்சிருக்குமே. ஒரு மணியும் அடிக்கலையே மேடம்."

மேடம் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அந்த அறையில் மணி இல்லை. அதன் பிளாஸ்டிக்கிலிருந்து ஆவி வந்து தாளைக் கெடுக்கும் என்று மூன்று வருடத்துக்கு முன் கழற்றச் சொன்னது நாங்கள்தான். கடிதத்தைத் தட்டச்சு செய்தவள் நான். கடுகு போன இடத்தை ஆராய்ந்தோம், பூசணிக்காய் போன இடம் தெரியவில்லை.

"அங்க மணி கிடையாது" என்றார் மேடம் மெதுவாக. "நாங்கதான் எடுக்கச் சொன்னோம்."

கேப்டன் அத்தானைக் கூப்பிட ஆள் அனுப்பினார். போனை நான் வாங்கிக்கொண்டேன்.

"அத்தான், நான்தான்."

"என்னம்மா? அக்காவுக்கு என்ன?"

"அக்கா நல்லா இருக்கா. உங்க வெற்றுத்தாளப் பத்திக் கேக்கத்தான்."

"நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?"

"நீங்க ஒரு தப்பும் பண்ணல. போன பயணத்துல புகை நெடின்னு எழுதியிருந்தீங்கல்ல, அது நெசம். தாள்ல ஏறியிருக்கு. அந்த ரூம்ல எங்கேயோ மரம் கருகுது. ஏறிக்கிட்டே போயிருக்கு அத்தான்."

அந்த ஒரு மூச்சு நேரம் போயிற்று. இன்னொன்றும் போயிற்று.

"நெசமாவே வந்துச்சா?"

"வந்துச்சு."

"நான் மூக்கு டாக்டர்கிட்ட போனேன்மா" என்றார். "உங்க அக்காகிட்டகூடச் சொல்லல. மூக்குல ஒண்ணுமில்ல, மனசுக்குப் பாருங்கன்னு வேற ஒரு டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தாரு."

அழுவதற்கு அது நேரமில்லை.

"இப்ப நெடி வருதா?"

"வருது. இந்தத் தடவை ஏறுன நாள்லேர்ந்தே வருது. இப்பல்லாம் நான் அத சட்டை பண்றதில்ல. பழகிட்டேன்."

உலகத்திலேயே பயந்த மனிதர், பயப்பட வேண்டிய ஒன்றே ஒன்றுக்குப் பயப்படாமல் இருக்கத் தன்னைப் பழக்கிக்கொண்டிருந்தார். எங்களுக்காக.

"அத்தான், சுவர் எங்கேயாவது சூடா இருக்கா?"

"பின்பக்கச் சுவர்மா. மேல வெள்ளைத் தகடு, உள்ள பலகை. அதுக்குப் பின்னாலதான் ஜெனரேட்டரோட புகைக்குழாய் போகுது. தினமும் கை வச்சுப் பார்ப்பேன். போன வாரம் வரைக்கும் வெதுவெதுப்பு. முந்தாநாள்லேர்ந்து ரொம்ப நேரம் வைக்க முடியல. குழாய் போனா அப்படித்தான இருக்கும்னு..." நிறுத்திவிட்டார். மறுபடி பேசியபோது குரல் மாறியிருந்தது. "அதுக்குப் பக்கத்து அறைலதான் வாயு சிலிண்டர் எல்லாம் கட்டி வச்சிருக்காங்க. ஏழு சிலிண்டர்."

"கேப்டன்கிட்ட சொல்லுங்க. சத்தமா சொல்லுங்க அத்தான்."

"சொல்றேன்" என்றார். பிறகு தூரத்தில் யாரோ ஏதோ சொல்வதும், அத்தான், "தொறக்காதீங்க, தொறக்காதீங்க, முதல்ல தண்ணி" என்று சொல்வதும் கேட்டது. தொடர்பு அறுந்தது.

மணி பதினொன்றரை. அதற்குப் பிறகு எங்களால் இணைக்க முடியவில்லை. மேடம் தலைமை அலுவலகத்துக்கும் கப்பல் நிறுவனத்துக்கும் மாறி மாறிப் பேசினார். நான் அவர் அறை வாசலில் நின்றேன், உட்கார்ந்தேன், மறுபடி நின்றேன். மூன்று மணி நேரம். பயம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். தெரியாது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. பக்கத்து அறையில் யாரோ குடுவையை வைத்த சத்தத்துக்கு உடம்பு தூக்கிப்போடுகிறது. ஏழு சிலிண்டர், ஏழு சிலிண்டர் என்று மனசு அதையே எண்ணுகிறது. இந்த மனிதர் நாற்பத்தெட்டு வருடமாக இப்படியா தினமும் இருந்தார் என்று தோன்றியபோது, நான் செய்த கேலியெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. ஒன்றைக்கூட மறந்திருக்கவில்லை நான்.

ஒன்றரை மணிக்கு அக்கா கூப்பிட்டாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தினமும் கூப்பிடுவாள்.

"சாப்பிட்டியா?"

"ஆச்சுக்கா."

"ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"சளிக்கா."

"உங்க அத்தான்கிட்டேர்ந்து மெயில் ஏதாவது வந்துச்சா? ரெண்டு நாளா ஒண்ணையும் காணோம்."

"அங்க இணைப்பு சரியில்லையாம். நல்லா இருப்பாரு."

நல்லா இருப்பாரு என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

இரண்டு மணி நாற்பது நிமிடத்துக்கு மணி அடித்தது. மேடம் எடுத்தார். கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் தோள் கீழே இறங்கியதைப் பார்த்துத்தான் எனக்கு மூச்சு வந்தது. நடந்ததைக் கேப்டன் சொல்ல, மேடம் ஒவ்வொரு வரியாகத் திருப்பிச் சொன்னார்.

இன்ஜினியர் திருப்புளியை எடுத்துக்கொண்டு உடனே தகட்டைக் கழற்றப் போயிருக்கிறார். அத்தான் அறை வாசலில் குறுக்கே நின்றுவிட்டாராம். உள்ளே காற்றுப் போனால் கனல் தீயாகிவிடும், குழாயில் தண்ணீர் வந்தபிறகுதான் திறக்க வேண்டும், சிலிண்டர்களை முதலில் அவிழ்த்து மேல்தளத்துக்கு ஏற்ற வேண்டும் என்று பிடிவாதம். இன்ஜினியர், நகருய்யா என்று கத்தியிருக்கிறார். அத்தானுக்குக் கால் இரண்டும் வெடவெடவென்று ஆடியது எல்லோருக்கும் தெரிந்ததாம். ஆடிக்கொண்டே நின்றாராம், நகரவில்லை. ஜெனரேட்டரை நிறுத்தி, கடைசி சிலிண்டரை ஏற்றிவிட்டுத் தகட்டின் இரண்டாவது திருகைக் கழற்றியதும், தீ கூரை வரைக்கும் எழுந்திருக்கிறது. தண்ணீர் தயாராக இருந்ததால் கால் மணியில் அடங்கியது. உள்ளே ஓர் ஆள் உயரத்துக்குப் பலகை கரியாகியிருந்தது. பக்கத்து அறைச் சுவரைத் தொட நாலு விரல் கட்டைதான் மிச்சம்.

அத்தானுக்கு இடது கையில் கொப்புளம். பேசக் கொடுத்தார்கள்.

"எல்லாரும் நல்லா இருக்கோம்மா. அக்காகிட்ட பக்குவமா சொல்லு. பயந்துருவா."

"சரி அத்தான்."

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார். "அப்ப நான் பயந்தது... சரியாத்தான் பயந்திருக்கேன், இல்ல?"

சரிதான் அத்தான், சரிதான் என்று இரண்டு முறை சொன்னேன். அவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு வைத்துவிட்டார்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பக்குவமாகச் சொல்ல எனக்குத் தெரியாது, உள்ளதை உள்ளபடி சொன்னேன். கேலியையும் குறிப்பேட்டையும் மூக்கு டாக்டரையும் சேர்த்தே சொன்னேன். அவள் மடித்துக்கொண்டிருந்த சட்டை அவருடையது. மடித்ததையே பிரித்து மடித்தாள்.

"கெளம்புற அன்னிக்குக் காலைல," என்றாள், "பையக் கையில வச்சுக்கிட்டுக் கேட்டாரு. இந்தத் தடவை வேற யாரையாவது அனுப்பச் சொல்லிக் கேக்கட்டுமான்னு. உங்களுக்கு என்னிக்குத்தான் பயமில்லன்னு சொல்லி, நான்தான் கதவத் தொறந்துவிட்டேன்."

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. கப்பல் திரும்பவில்லை, பயணம் தொடர்கிறது என்பதையும் சொன்னேன். குழாயைச் சரிசெய்து, பலகையை எடுத்துவிட்டார்களாம். கரைக்கு வர இன்னும் முப்பத்துமூன்று நாள்.

அக்கா சட்டையை மடியில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"வேற எதுக்காவது பயமா இருக்குன்னு சொன்னாரா? கேட்டியா நீ?"

நான் கேட்கவில்லை. அவசரம் தீர்ந்துவிட்டதால், செயற்கைக்கோள் இணைப்பு இனி மறுநாள் காலை பத்து மணிக்குத்தான் கிடைக்கும்.